நாற்பத்தேழாம் பக்கம்

எங்கள் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஓரம் எவ்வளவு விடப் போற?" என்பதுதான். என்ன எழுதப் போகிறாய், என் மானத்தை வாங்கப் போகிறாயா என்றுதான் வேறு எந்த மனுஷியும் கேட்பாள். அண்ணிக்கு மானம் இரண்டாம்பட்சம். இடது பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் பேனாவையே தொட விட்டாள்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே எங்கள் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே இரண்டு போட்டோகாப்பி மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், மூலையில் என் பைண்டிங் மேசை. மெஷின்கள் அண்ணன் பொறுப்பு. நான் தைப்பேன், ஒட்டுவேன், அட்டை போடுவேன், முதுகில் தங்க எழுத்து அடிப்பேன். கம்ப்யூட்டர் முன்னால் அண்ணி. பின்வாசல் வட்டாரத்தில் அவளுக்கு ‘அடிக்குறிப்பு அக்கா’ என்று பெயர்.

கட்டுரையை அவள் யாருக்கும் எழுதித் தர மாட்டாள். அழுது புரண்டாலும் மாட்டாள். எழுதிக் கொண்டுவந்ததை ஒழுங்கு செய்வதுதான் அவள் வேலை. வரி இடைவெளி, பக்க எண், அடிக்குறிப்பு, கடைசியில் துணைநூல் பட்டியல். மாணவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"இந்த வரி நீ சொன்னதா, வேற யாராவது சொன்னதா?"

"நெட்ல இருந்துச்சு அக்கா."

"நெட்டுன்னா யாரு? அவருக்குப் பேர் கிடையாதா? எழுதினது யாரு, எந்த வருஷம், நீ என்னைக்குப் பார்த்தே?"

பாவம், அந்தப் பிள்ளைகள் முழி பிதுங்கி நிற்கும். ஆனால் அவள் கை பட்ட கட்டுரையை எந்தப் பேராசிரியரும் ஓரம் சரியில்லை என்று திருப்பியதில்லை. ஸ்கேல் சாரே திருப்பியதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் சார் துறைத்தலைவர். கட்டுரை கைக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து நான்கு பக்க ஓரத்தையும் அளந்துவிட்டுத்தான் தலைப்பையே படிப்பார். அதனால் வந்த பெயர்.

வீட்டிலும் அண்ணிக்கு இதே குணம்தான். ஒரு வம்பு பேச முடியாது. "பக்கத்து வீட்டுக்காரி வேலையை விட்டுட்டாளாம் அண்ணி" என்று நான் ஆசையாக ஆரம்பிப்பேன். "யார் சொன்னா?" என்பாள். எதிர்வீட்டுக்காரி என்பேன். அவளுக்கு யார் சொன்னார்கள் என்பாள். தபால்காரர் என்பேன். "அப்போ இது மூணாங்கைத் தகவல். மூலத்தைப் பார்க்காம சொல்லாதே" என்று முடித்துவிடுவாள். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே இருக்காது. கல்யாணமான புதிதில் அண்ணன் "நீ ரொம்ப அழகு" என்று சொன்னானாம். "எதோட ஒப்பிட்டு?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இவ்வளவு பேரின் கட்டுரைக்கு அலங்காரம் செய்த அண்ணிக்குப் பட்டம் கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். கடைசி வருஷத்தில் ஒரே ஒரு கட்டுரை பாக்கி இருக்கும்போது கல்யாணம், உடனே பிள்ளை, பிறகு கடை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. தினமும் எதிரே பல்கலைக்கழகச் சுவரைப் பார்த்துக்கொண்டே அடுத்தவர் கட்டுரைக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாதியில் விட்டவர்களுக்குக் கடைசி வாய்ப்பு, இதற்குப் பிறகு பழைய பதிவுகள் எல்லாம் ரத்து. அந்த அறிவிப்பையும் அவள்தான் டைப் அடித்தாள். அடித்து முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாளே பதிவு செய்துவிட்டாள்.

பொது இடங்களில் எழுதி வைக்கும் எச்சரிக்கைகளைப் பற்றிக் கட்டுரை. ‘இங்கே துப்பாதே’, ‘சுவரொட்டி ஒட்டாதே’, ‘நாய் ஜாக்கிரதை’ எல்லாவற்றையும் ஊர் முழுக்க நடந்து குறித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெரு, எந்தச் சுவர், எந்தத் தேதி என்று அடிக்குறிப்பு. நாய் இருந்ததா என்றுகூட உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் இருந்தது. அதற்கும் அடிக்குறிப்பு உண்டு, காலில் தழும்பும் உண்டு.

நான் என் கையாலேயே அட்டை போட்டு, தங்க எழுத்தில் அவள் பெயரை அடித்தேன். கட்டுரையைக் கொடுத்தாயிற்று. அடுத்த வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு.

இடையில் திங்கட்கிழமை காலையில் நூலகர் வந்தார்.

நல்ல மனிதர். சத்தமே இல்லாமல் பேசுவார், அவர் வேலை அப்படி. "அக்கா, ஒரு உதவி" என்றார். "ஒரு புத்தகத்தைத் தேடித் தேடி அலுத்துப்போச்சு. ‘மாற்றங்களும் அவற்றின் விளைவுகளும்’னு பேரு. மூணு வருஷத்துல இருநூத்திப் பதினாலு கட்டுரையில வந்திருக்கு. எந்தக் கடையிலயும் இல்ல. நாலு ஊருக்குக் கடுதாசி போட்டுட்டேன். பிள்ளைங்க யாராவது காப்பி எடுக்க இங்க கொண்டுவந்தாங்களா?"

அண்ணியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. அவர் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆசையாகப் படித்தார். "பாருங்க. மீன் வளம் குறைஞ்சதுக்கு அந்தப் புத்தகம். விலைவாசிக்கு அந்தப் புத்தகம். தூக்கமின்மை, தவளை, பழைய நாணயம், பெண் கல்வி, எல்லாத்துக்கும் அதே புத்தகம், அதே நாப்பத்தேழாம் பக்கம். ஒரே பக்கத்துல இவ்வளவு விஷயம் சொல்லியிருக்காருன்னா அந்த ஆள் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்! ஸ்கேல் சார் மூணு தடவை படிச்சிருக்காராம். அவரோட ரெண்டு ஆய்வுக் கட்டுரையிலயும் காட்டியிருக்கார். ஆனா இரவல் குடுத்துட்டாராம், திரும்பி வரலையாம்."

"பார்த்தா சொல்றேன் சார்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் கிடையாது. அண்ணி தன் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் கட்டுரை வைத்திருக்கிறாள். ஓரம், இடைவெளி, தலைப்பு எல்லாம் முன்கூட்டியே அமைத்த கோப்பு. நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்று கேட்கிற மாணவர்களுக்கெல்லாம் கொடுத்தனுப்புவாள். ஒரு நூலை எப்படிக் காட்டுவது என்று விளக்க அதில் ஒரு மாதிரி வரி வேண்டியிருந்தது. உண்மையான நூலைப் போட்டால் அப்படியே சுட்டுவிடுவார்கள் என்று பயந்து, தானே ஒன்றை இட்டுக்கட்டினாள். ஆசிரியர் பெயருக்கு எங்கள் அப்பாவின் பெயர். ஆண்டுக்கு அவளுடைய கல்யாண வருஷம். பதிப்பகத்துக்கு எங்கள் தெருப் பெயர். பக்க எண்ணுக்கு எங்கள் கதவு எண், நாற்பத்தேழு. "மாதிரி வரியை அழிச்சுடு" என்று ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியச் சொல்லித்தான் அனுப்புவாள். யார் கேட்டார்கள்? எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற தலைப்பு, பட்டியலில் ஒரு நூல் லாபம் என்று விட்டுவிட்டார்கள்.

நூலகர் தலை மறைந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் அப்பா முப்பத்து நான்கு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்னால் நகருங்கள் என்பதைத் தவிர அவர் உலகத்துக்கு எந்தக் கருத்தும் சொன்னதில்லை. அவரைத் தவளை ஆராய்ச்சியில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அண்ணி சிரிக்கவில்லை. தன் கட்டுரையின் நகலைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். பதினான்காவது வரியில் எங்கள் அப்பா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

அதே கோப்பில்தான் தன் கட்டுரையையும் ஆரம்பித்திருக்கிறாள். அடுத்தவர் பட்டியலில் ஒரு கால்புள்ளி பிசகினாலும் கண்டுபிடிப்பவள். ஆனால் அந்த மாதிரி வரி கோப்பில் பதினொரு வருஷமாக இருந்த இடத்திலேயே இருந்ததால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. இல்லாத நூலைப் பட்டியலில் காட்டினால் கட்டுரைக்குப் பூஜ்யம், பதிவு ரத்து. பல்கலைக்கழக விதி அது. அண்ணிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டில் கூடினோம். விஷயத்தைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருநூத்திப் பதினாலு பேரா என் பேரைச் சொல்லியிருக்காங்க?"

"ஆமாம் மாமா. என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் அண்ணி.

"மன்னிப்பா? எதுக்கும்மா? எத்தனை பக்கம் வேணும்னு சொல்லு. நான் எழுதிடறேன்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஐந்து நிமிஷத்துக்கு அது எங்கள் எல்லோருக்கும் அருமையான யோசனையாகத் தெரிந்தது. ஏன் தெரியாது? எழுத அப்பா இருக்கிறார். அடிக்கப் பிரிண்டர் இருக்கிறது. அட்டை போட நான் இருக்கிறேன். தாளை வெயிலில் காயவைத்துப் பழசாக்கலாம் என்றான் அண்ணன். தேநீரில் நனைக்கலாம் என்றேன் நான். புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டால் நூலகருக்கும் நிம்மதி, ஸ்கேல் சாருக்கும் நிம்மதி, அண்ணிக்குப் பட்டம். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். நாற்பத்தேழாம் பக்கத்தில் மீனும் இருக்க வேண்டும், விலைவாசியும் இருக்க வேண்டும், தவளையும் இருக்க வேண்டும்.

அப்பா அசரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பழைய நோட்டில் எழுதி, எழுந்து நின்று உரக்கப் படித்தார். "முன்பு ஒரு மாதிரி இருந்தது. இப்போது வேறு மாதிரி இருக்கிறது. இதனால் பல விளைவுகள் ஏற்பட்டுள்ளன. சிலது நல்லது, சிலது கெட்டது. மேலும் ஆராய வேண்டும்."

"அப்பா!" என்று நான் கத்தினேன். "இது தவளைக்கும் பொருந்துது, விலைவாசிக்கும் பொருந்துது!"

"பின்னே? முப்பத்து நாலு வருஷம் ஜனங்க பேசறதைக் கேட்டிருக்கேன். எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

அண்ணன் கைதட்டினான். அண்ணி மட்டும் அசையவில்லை. "வேண்டாம் மாமா" என்றாள். "வர்ற பிள்ளைங்ககிட்ட எல்லாம் மூலம் எங்கேன்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுத்திருக்கேன். இப்ப நானே பொய் மூலம் பண்ணினா, நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்பேன்?"

"பட்டம் போயிடுமே அண்ணி!"

"போகட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து, நாய்க்கடி வாங்கி, ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் போகட்டுமாம்! அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி என்று நினைப்பா உங்களுக்கு என்று கத்தினேன். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்களைத்தான் தேய்த்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவளோடு நானும் போனேன். கட்டுரையின் மூன்று பிரதிகளையும் தூக்கிப் போக ஆள் வேண்டும் என்று சொல்லி ஒட்டிக்கொண்டேன். துறை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் ஸ்கேல் சார், அவர் பக்கத்தில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா, ஓரத்தில் குறிப்பெடுக்க நூலகர். என்னைக் கதவருகே ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள்.

ஸ்கேல் சார் முதலில் அளந்தார். நான்கு பக்கமும் அளந்து, திருப்தியாகத் தலையாட்டி, ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டார். தேர்வாளர் அம்மா எச்சரிக்கைகளைப் பற்றி நிறையக் கேட்டார். அண்ணி பட்பட்டென்று பதில் சொன்னாள். நாய் வீட்டுக் கதையில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போது ஸ்கேல் சார் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"பதினாலாவது நூல். ரொம்ப நல்ல தேர்வு" என்றார். "இதை நான் மூணு தடவை படிச்சிருக்கேன். ஆழமான புத்தகம். அதுலயும் நாப்பத்தேழாம் பக்கம் இருக்கே! நீங்க எங்க வாங்கினீங்க?"

அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘பழைய புத்தகக் கடையில்’ என்று சொன்னால் போதும். அவர் தலையாட்டியிருப்பார், கையெழுத்துப் போட்டிருப்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவளைப் பார்த்துச் சொல்லு, சொல்லு என்று வாயசைத்தேன்.

"சார், அப்படி ஒரு புத்தகமே இல்ல" என்றாள் அண்ணி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாதிரிக் கோப்பு, கதவு எண், மாமனார், கண்டக்டர் வேலை, ஒன்று விடவில்லை. "மூணு நாளா எனக்குத் தெரியும். தப்பு என்னுது. பூஜ்யம்னா போட்டுடுங்க" என்று முடித்தாள். நூலகரின் பேனா நின்றுவிட்டது. ஸ்கேல் சார் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் அம்மா மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "மூணு தடவை படிச்சேன்னீங்களே சார்?"

ஸ்கேல் சார் தண்ணீர் குடித்தார். ஸ்கேலை வெளியே எடுத்தார். மேசையின் ஓரத்தை அளந்தார். "விதின்னா விதிதான்" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "இல்லாத நூல்னா பூஜ்யம்."

விதி என்று அவர் சொன்னதும்தான் நான் பைண்டிங் பண்ணிய விதிப் புத்தகம் ஞாபகம் வந்தது, அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "சார், பல்கலைக்கழக விதிப் புத்தகத்துல கடைசிப் பக்கத்தைப் பாருங்க! ஒன்பதாவது விதி! முடிவுல கையெழுத்து விழறதுக்கு முன்னாடி மாணவரே தப்பை ஒத்துக்கிட்டா, பிழைதிருத்தத் தாள் ஒட்டிக்கலாம்னு போட்டிருக்கு. அறுநூறு பிரதி நான்தான் பைண்டிங் பண்ணினேன். கடைசிப் பக்கத்தைத் தலைகீழா வெச்சு ஒட்டிட்டேன்னு அறுநூறையும் பிரிச்சு மறுபடி ஒட்டினேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்!"

என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். தேர்வாளர் அம்மா நூலகரிடமிருந்து விதிப் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். "இந்தப் பொண்ணு சொல்றது சரி. ஆனா துறைத்தலைவர் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். நூல் இல்லைங்கறதை நானும் சரிபார்த்தேன்னு எழுதிப் போடணும்" என்றார்.

அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர் அப்படி எழுதினால் அவருடைய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் சந்தி சிரிக்கும். எழுதாவிட்டால் அண்ணிக்குப் பூஜ்யம். மனுஷன் ஸ்கேலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கெஞ்சவில்லை.

"நானும் படிக்கலைம்மா" என்றார் அவர் திடீரென்று. "பிள்ளைங்க எல்லாரும் காட்டறாங்களேன்னு நானும் காட்டிட்டேன்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணி தேறிவிட்டாள். முதல் வகுப்பு கிடையாது, பிழைதிருத்தத்துக்காகக் கொஞ்சம் மதிப்பெண் வெட்டிவிட்டார்கள். போகட்டும், பட்டம் பட்டம்தானே. மறுநாள் ஸ்கேல் சார் தன் இரண்டு கட்டுரைகளுக்குமான பிழைதிருத்தத் தாள்களை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அண்ணி வாங்கிப் பார்த்தாள். "சார், இடது ஓரம் கால் அங்குலம் குறையுது" என்றாள். மனிதர் அங்கேயே திருத்தித் தந்தார்.

அப்பாதான் மூக்கைச் சிந்தாத குறையாக நாலு நாள் உர்ரென்று இருந்தார். புத்தகம் வேண்டாம் என்றால் எப்படி? ஐந்தாம் நாள் ஒரு புது நோட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "யாருக்கும் வேண்டாட்டிப் போகுது. எனக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்றார். பிரித்துப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கம் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களைத் திட்டியிருந்தார். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுப் பக்கம். நாற்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் மறுபடி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்தேன். நல்ல துணியில் அட்டை போட்டு, தங்க எழுத்தில் அப்பா பெயரை அடித்து, அண்ணியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணி வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தாள், பக்க எண்களைப் பார்த்தாள், வெற்றுப் பக்கங்களைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு நாற்பத்தேழுக்கு வந்தாள். அங்கே அப்பாவின் கோணல்மாணலான எழுத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன.

‘எங்கள் மருமகளுக்குப் பொய் சொல்ல வராது. ஆதாரம்: இருபத்திரண்டு வருஷமாக நானே பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.’

அவள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மாணவி கட்டுரையோடு காத்துக்கொண்டிருந்தாள். அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை வாசல் நாற்காலியில் இருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் சரி மாமா" என்றாள், குரல் உடைய. "தேதி போடலையே?"